பதினெட்டுக் கிலோ மணல்

வேலந்தாவளத்துக்கு மேற்கே
மூடிக் கிடக்கும் நூற்பாலையின் காங்கிரீட் களத்தில்
எழுபத்திரண்டு கோன் வைத்திருக்கிறோம்.
காற்றுக் காலம். கணவாய் ஒரு மூச்சு விட்டால்
கோன் தானே சாயும்.
சாய்ந்ததற்கு யார் கணக்கில் இரண்டு நொடி என்று
தமிழில் ஒரு சண்டை, மலையாளத்தில் ஒரு சண்டை.

வண்டிகள் பதினொன்று.
எல்லாமே எண்ணூறு சிசி மாருதி,
ஒரே டயர், ஒரே ஸ்பிரிங்,
இன்ஜின் மூடிமேல் ஈய முத்திரை.
பெட்ரோல்கூட ஒரே பங்க்கில்தான்.
எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
அதற்கும் ஒரு நாள் பஞ்சாயத்து நடந்தது.

முன்பெல்லாம் தோற்பது சுலபம்.
ஜோபியிடம் டர்போ. அவன் அப்பாவிடம் ரப்பர்த் தோட்டம்.
என்னிடம் பார்சல் ஆபீஸ் சம்பளம்,
மூன்றாம் கியரில் இருமும் ஒரு வண்டி.
முடிந்ததும் டீயை ஊதிக்கொண்டே சொல்வேன்:
"காசு ஓடுது, நானா ஓடறேன்?"
எல்லோரும் தலையாட்டுவார்கள்.
அந்தத் தலையாட்டலே எனக்கு ஒரு கோப்பை.

ஸ்பெக் கிளாஸ் வேண்டும் என்று
முதலில் கை தூக்கியவளும் நான்தான்.

ஒரு பக்கத்தில் தொடங்கிய விதிகள்
இப்போது இருபத்துமூன்று பக்கம்.
திருமூர்த்தி வருவதில்லை.
ஓட்டுவதைவிடக் கழற்றுவதற்கென்றே வந்தவன்,
சைலன்சரைத் தன் கையால் வளைத்தவன்.
முத்திரையை ஒருமுறை தடவிப் பார்த்து
"பூட்டின வீட்டுல எனக்கென்ன வேலை" என்று போனான்.
ஜோபியோ விதிக்குள்ளேயே நின்று
உக்கடத்துப் பழைய இரும்பில் நான்கு இன்ஜின் வாங்கி
நான்கையும் ஓட்டிப் பார்த்து
நல்லதை வைத்துக்கொண்டான்.
வாசலில் மறித்த காசு
கொல்லை வழியாக வந்து உட்கார்ந்தது.
அந்த டயர் அளவைக் கம்பெனி நிறுத்தப் போகிறதாம்.
பதினொரு பேரும் ஒரே ராத்திரியில் கவலைப்பட்டோம்,
அதிலும் சமமாக.

எடையும் சமமாகட்டும் என்றார் சுதேவன் சார்.
தராசு எங்கள் பார்சல் ஆபீசுடையது.
ஜோபி எழுபத்தொன்று. நான் ஐம்பத்துமூன்று.
ஆகவே என் பக்கத்து சீட்டில்
சிமெண்ட் சாக்கில் பதினெட்டுக் கிலோ ஆற்று மணல்,
பெல்ட் போட்டு.

போன ஞாயிறு
ஜோபி நாற்பத்தொன்று புள்ளி மூன்று ஆறு.
நான் நாற்பத்தொன்று புள்ளி ஒன்பது ஒன்று.
"நாலு இன்ஜின் வாங்கினவனாச்சே" என்றேன்.
சாவியைத் தூக்கிப் போட்டான்:
"எடுத்து ஓட்டு சபூரா."
மணலை அவன் வண்டிக்கு மாற்றினோம்.
அவன் சீட், அவன் வியர்வை, அவன் பொறுக்கியெடுத்த இன்ஜின்.
நாற்பத்தொன்று புள்ளி ஒன்பது நான்கு.
என் வண்டியில் அவன்
நாற்பத்தொன்று புள்ளி நான்கு.

யாரும் தலையாட்டவில்லை.
டீக்காரர்கூட வேறெங்கோ பார்த்தார்.

எல்லோரும் போனபின் களத்தில் நடந்தேன்,
அரை நொடி எங்கே கொட்டுகிறது என்று.
கொடிக்கம்பத்தருகே ஒன்பதாம் கோன்.
பிரேக் கோடுகள் பத்தும்
கோனை ஒட்டித் தொடங்குகின்றன.
ஒன்று மட்டும்
இரண்டு மீட்டர் முன்னால்.
ஒரே டயர், ஒரே கறுப்பு.
ஆனால் அந்தப் பயத்துக்கு
முத்திரை குத்த ஆளில்லை, அது என்னுடையது.
எத்தனை வருஷமாய் இருந்ததோ,
டர்போ சத்தத்தில் கேட்கவில்லை.

மணலை இறக்க மறந்துவிட்டேன்.
செக்போஸ்ட்டில் டார்ச் அடித்த போலீஸ்காரர்
பெல்ட் போட்ட சாக்கைப் பார்த்துக் கேட்டார்:
"இதெந்தா?"
"மணல், சார்."
"மணல் கடத்தலோ? இவ்வளவுதானோ?"
சிரித்துக்கொண்டே கட்டையைத் தூக்கினார்.
ஜோபிக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அது என்று
சொல்ல வாயெடுத்து
சொல்லவில்லை.
சாக்கில் இருப்பது
அது இல்லை.